ராகு காலம் முடிகிற வரை ஒரு பேச்சு

பேச்சை ஆரம்பிக்கத் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நிறுத்தத் தெரியாதவர்களால்தான் நஷ்டம். யாரையோ மனதில் வைத்துக்கொண்டு சொல்வதாக நினைக்க வேண்டாம். என்னைத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். காவிரிக்கு வடகரையில் இருந்த ஒரு நகரசபையில் நான் கவுன்சிலர். (எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கரையைச் சொன்னதே அதிகம்.) போராடி ஜெயித்து வந்த வீராங்கனை என்றெல்லாம் கற்பனை செய்துவிடாதீர்கள். "ஒரு பொம்பளையாவது இருந்தா நல்லாருக்கும் சார்" என்று வார்டுக்காரர்கள் வந்து என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவர் என்னைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டார். என்னை எதிர்த்து மனுப்போட்டவருக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை கிடைத்து, அவர் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கவுன்சிலர் ஆனேன். போட்ட மாலை வாடுவதற்குள் சுகாதாரக் கமிட்டியிலும் போட்டுவிட்டார்கள்.

டிஸ்பென்சரி, சாக்கடை, அம்மை குத்துவது, தெரு நாய் பிடிப்பது, இவற்றில் எதற்கு நகரசபைப் பணம், எது முதலில், எது அடுத்த வருஷம் என்று சொல்ல வேண்டியது அந்தக் கமிட்டி. முதல் சில கூட்டங்களில் நான் செய்த மக்கள் சேவை, கொடுத்த காபியைக் குடித்ததுதான். வாயைத் திறந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படி இருந்தவளை ஆரோக்கியமேரி பேச வைத்துவிட்டாள். டிஸ்பென்சரியை ஒட்டி இரண்டு கட்டில் போட்ட ஒரு பிரசவ அறை இருந்தது. அதற்கு நர்ஸ் அவள். மேலப்புதூர்ப் பெண், நிதானமானவள், கை பட்டால் பாதி வலி போய்விடும் என்று எங்கள் தெருப் பெண்கள் சொல்வார்கள். ஆனால் தற்காலிக வேலை. மார்ச்சோடு சரி. அதை நிரந்தரமாக்க வேண்டும் என்றால் கமிட்டி சிபாரிசு செய்ய வேண்டும். பட்ஜெட்டில் புதிதாக ஒன்றுக்குத்தான் இடம். அந்த இடத்தில் ஊர் நுழைவாயிலில் ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்று கமிட்டி மெம்பர் உடையார் சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரி வந்தால் மரியாதையாக இருக்குமாம்.

நர்ஸ் போய்விட்டால், வலி எடுத்த பெண்ணை மாட்டு வண்டியிலோ ஜட்காவிலோ போட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். எங்கள் தெருவில் மட்டும் அப்போது வாயும் வயிறுமாக இரண்டு பேர். தினம் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து, "அக்கா, நர்ஸம்மா இருப்பாங்கள்ல?" என்று கேட்பார்கள். "இருப்பாங்க, நான் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கே வலி எடுப்பது மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். பேச்சை அவர்தான் எழுதினார். தடிமனான கட்டு. "மனித குலம் தோன்றிய நாள் முதலாக" என்று ஆரம்பம். அடுப்படியில் நின்று மனப்பாடம் பண்ணினேன். மூன்று தடவை குழம்பு தீய்ந்தது. தீய்ந்ததைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் உபதேசம் செய்தார்.

"பாக்கியம், ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. நடுவுல நிறுத்தவே கூடாது. கடிகாரத்தைப் பாப்பாங்க, கை காட்டுவாங்க, இருமுவாங்க. எல்லாம் தந்திரம். நிறுத்தினா அப்படியே உக்கார வச்சுடுவாங்க."

"சரிங்க" என்றேன். (வாழ்க்கையில் அவர் சொன்னதை அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். அதன் லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.)

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம்.  கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து அது கயிறாகிவிட்டது. கமிட்டியில் ஐந்து பேர். ஒருவர் பழநிக்குப் போயிருந்தார். இன்னொருவருக்கு மஞ்சள் காமாலை. (சுகாதாரக் கமிட்டி மெம்பர்!) மீதி மூன்று பேர். தலைவர் சடகோபாச்சாரியார், அவர் வக்கீல். ரைஸ்மில் உடையார். அப்புறம் நான். மூன்று பேருக்குக் குறைந்தால் கூட்டம் செல்லாது. மூலையில் குறிப்பெழுதும் குமாஸ்தா. வெளி வராந்தாவில் ஜன்னலோரம் ஆரோக்கியமேரி, ஜெபமாலையும் கையுமாக.

சாக்கடையும் நாயும் முடிந்து என் விஷயம் வரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது.

"அம்மா, நர்ஸ் விஷயம். ரெண்டே வார்த்தை சொல்லுங்கோ, போறும்" என்றார் தலைவர்.

ரெண்டே வார்த்தையா! ஆரம்பிச்சுட்டாங்கய்யா தந்திரத்தை என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். மனித குலம் தோன்றிய நாளிலிருந்து தொடங்கினேன்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகப் பேசினேன். நாக்கு ஒட்டவே இல்லை. தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் குரலை உயர்த்தினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை அமர்த்தினார். இன்னும் உயர்த்தினேன். உடையார், "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டினார். என்னை மடக்கப் பார்க்கிறார் என்று அவரைப் பார்த்தே ஒரு பக்கம் பேசினேன். குமாஸ்தா இருமினார். ஜன்னலில் ஆரோக்கியமேரி இரண்டு கையாலும் என்னவோ ஜாடை காட்டினாள். பாவம், உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். "ஆகவே, பெரியோர்களே!" என்று நான் உச்சத்துக்குப் போன நேரத்தில் கடிகாரம் டிங் டிங்கென்று பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது.

 தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, நீங்க எழுந்துண்டவுடனே சம்மதம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உடையார்கூட தலையை ஆட்டிட்டார். நீங்க உக்காரவே இல்லையே!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. "இப்ப... இப்ப உக்காந்துடட்டுங்களா?"

"இப்ப உக்காந்து என்ன ப்ரயோஜனம்? புதன்கிழமை. பன்னிரண்டுலேர்ந்து ஒண்ணரை ராகு காலம். ப்ரசவ விஷயத்தைப் போய் ராகு காலத்துல தீர்மானம் பண்றதா? நாளைக்கு ஒரு பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, பகவான் என்னைக் கேட்பான்."

"ஸ்வாமி சொல்றது சரிதான்" என்றார் உடையார். "நெல்லு மூட்டையே நான் இந்த நேரத்துல இறக்க மாட்டேன்."

நான் எதிர்த்து வாதாடினேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், ராகு காலத்தில் கடையில் உப்பு வாங்கக்கூட எனக்கே பயம். குழாயடிப் பெண்கள் இரண்டு பேரும் கண் முன்னால் வந்து நின்றார்கள். 

"ஒண்ணரைக்கு மேல வச்சுக்கலாம்ங்களே?" என்று கெஞ்சினேன்.

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "கலைஞ்சுட்டா மறுபடி கூட்டுறதுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும்ங்க. பட்ஜெட் இன்னிக்குச் சாயந்திரமே மேலே போயாகணும்ங்க."

போச்சு. வெளியில் ஆரோக்கியமேரி கண்ணை மூடிக்கொண்டாள். தலைவர் பஞ்சாங்கமும் வக்கீல் மூளையும் கலந்த ஒரு யோசனையில் சற்று நேரம் கூரையைப் பார்த்தார்.

"நல்ல வேளையில ஆரம்பிச்ச கார்யம் விட்டுப்போகாம நடந்துண்டே இருந்தா தோஷமில்லை. முகூர்த்தத்துல தாலி கட்டியாச்சுன்னா சாப்பாட்டுப் பந்திக்கு ராகு காலம் பார்க்கறோமா? ஏம்மா, நீங்க கடைசியில நன்றி வணக்கம்னு சொன்னேளா?"

"இன்னும் இல்லைங்க. அது அடுத்த வரியில இருக்கு."

"ரங்கா! சொல்லாதீங்கோ! உங்க பேச்சு இன்னும் முடியலை. ஒண்ணரை வரைக்கும் முடியப்படாது. நடுவுல நிறுத்தினா கார்யம் அறுந்துபோகும், ஜாக்கிரதை."

அரை மணி நேரமாக நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிய மனிதர்கள் இப்போது நிறுத்தாதே என்கிறார்கள். என் கையில் ஒரு காகிதம் மிச்சமில்லை. மனித குலம் தோன்றி, வளர்ந்து, என் பேச்சில் முடிந்தே போயிருந்தது.

முதலில் பேச்சையே திரும்பவும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக. பிறகு பிரசவப் பத்தியம். பூண்டுக் குழம்பு எப்படி வைப்பது, பெருங்காயம் எப்போது போடுவது, எல்லாம் நகரசபைக் கூட்டத்தில் விளக்கினேன். பக்கத்து ஓட்டலில் வெங்காயம் தாளிக்கிற வாசனை வந்தது. உடையார் வயிறு கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கடிகாரம் "டிங்" என்றது. அப்பாடா, ஒன்றரை! "ஆகவே, நன்றி" என்று ஆரம்பித்தேன்.

"ஐயய்யோ! அது பன்னண்டரை!" என்று மூன்று பேரும் அலறினார்கள். அந்தப் பாழாய்ப்போன கடிகாரம் பன்னிரண்டரைக்கும் ஒன்று, ஒரு மணிக்கும் ஒன்று, ஒன்றரைக்கும் ஒன்றுதான் அடிக்கும்.

அதன் பிறகு எனக்கு நிதானமே போய்விட்டது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். லால்குடியில் அம்மா வீட்டில் என் மூத்த பையன் பிறந்ததைச் சொன்னேன். எனக்காக அம்மா கிண்டிய பிரசவ லேகியத்தைச் சொன்னேன். நெய்யும் கருப்பட்டியும் மணக்க ஒரு ஜாடி நிறைய. பார்க்க வந்த என் வீட்டுக்காரர் "சும்மா ருசி பாக்கிறேன்" என்று ஆரம்பித்து, எனக்கு ஒரு உருண்டை, தனக்கு மூன்று உருண்டை என்று ஜாடியையே வழித்துவிட்டதையும் சொன்னேன். "பெத்தவ நான். எலும்பும் தோலுமா ஊருக்கு வந்தேன். அவரு கன்னமெல்லாம் உப்பி, புள்ளை பெத்தது அவருதான்னு நெனைக்கிற மாதிரி வந்தாருங்க!"

ஜன்னலில் கொல்லென்று சிரிப்பு. வரி கட்ட வந்தவர்கள், பிறப்புச் சர்ட்டிபிகேட் வாங்க வந்தவர்கள் எல்லாம் வராந்தாவில் கூடியிருந்தார்கள். கூட்டத்தின் நடுவே, மதிய இடைவேளையில் விஷயம் என்னவாயிற்று என்று பார்க்க ஓடி வந்த கணக்கு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். முகம் வெந்த பீட்ரூட். பக்கத்தில் அவருடைய பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர்.

நிறுத்த முடியுமா? காரியம் அறுந்துபோகுமே! அவரைப் பார்த்துக்கொண்டே அவருடைய குறட்டையைப் பற்றிப் பேசினேன்.

அந்தச் சமயத்தில்தான் உடையார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நமக்கு ஆவாதும்மா. பசி கண்ணை அடைக்குது. நான் வரேன்." அவர் போனால் மூன்று பேர் இல்லை. கூட்டம் செல்லாது.  அவரை நிறுத்த வேண்டும், பேச்சையும் நிறுத்தக்கூடாது.

"ஏன், எங்க வீட்டுக் கதைதானா! நம்ம உடையார் வீட்டுல நடந்ததை எடுத்துக்குங்களேன்!" என்று கத்தினேன்.

சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒரு லேகியம் இருக்கும், தான் இல்லாத நேரத்தில் என்ன சொல்லித் தொலைப்பாளோ என்று பயந்து உட்காருவார் என்ற நப்பாசை. அவ்வளவுதான்.

உடையார் நின்றார். திரும்பினார். முகத்தில் ரத்தம் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லாதீங்கம்மா" என்றார். "நானே சொல்லிடறேன்."

ஜன்னலில் சிரிப்பு நின்றுவிட்டது.

"வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். எம்பொண்ணை வண்டியில போட்டுக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். பாலத்துல வண்டி நகரல. முன்னாடியும் ஜனம், பின்னாடியும் ஜனம். மாட்டை அவுத்துட்டு ஆளுங்க தள்ளிப் பாத்தாங்க. எம்பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டு, இன்னும் எவ்வளவு தூரம்ப்பா, எவ்வளவு தூரம்ப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இதோ வந்திருச்சும்மா, இதோ வந்திருச்சும்மான்னு நான் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன்." துண்டால் வாயை அழுத்திக்கொண்டார். "பொண்ணு பொழைச்சுது. புள்ளை பொழைக்கல. இந்த நர்ஸம்மா அப்ப இங்க வரலை."

  எனக்குத் தெரியாதுங்க, சும்மா உளறிட்டேன் என்று அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

"இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு இங்க உக்கார முடியாது ஸ்வாமி" என்று அவர் தலைவரைப் பார்த்துச் சொன்னார். "அதான் வளைவு, வளைவுன்னுகிட்டுத் திரிஞ்சேன். வளைவுன்னா அழுவாம பேசலாம் பாருங்க."

சடகோபாச்சாரியார் அங்கவஸ்திரத்தால் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டார். உடையார் நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது போலிருக்கிறது. மகள் இப்போது எப்படி இருக்கிறாள், ராத்திரியில் எப்படித் திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள், மறுபடி உண்டானால் என்ன செய்வது என்று வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்கப் பயப்படுவது, எல்லாம் சொன்னார். நடுவில் ஒரு முறை கடிகாரம் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அடித்தபோது குமாஸ்தாதான் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணரைங்க."

"அம்மா, ராகு காலம் போயாச்சு. முன்மொழியறேன்னு சொல்லுங்கோ" என்றார் தலைவர்.

எழுந்தேன். "மு" என்றேன். அதுகூடக் காற்றாகத்தான் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உலகத்தில் இருக்கிற வார்த்தையெல்லாம் பேசிவிட்டு, தேவையான அந்த ஒரு வார்த்தைக்குத் தொண்டையில் ஈரமில்லை. தண்ணீர் குடித்தேன். விக்கல் வந்தது. ஜன்னலில் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் முன்மொழியறேன் ஸ்வாமி" என்றார் உடையார்.

தீர்மானம் நிறைவேறியது. ஆரோக்கியமேரி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கூட்டக் குறிப்பில் பிறகு பார்த்தேன். நர்ஸ் வேலையை நிரந்தரமாக்க முன்மொழிந்தவர் உடையார். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி: "ஸ்ரீமதி தனபாக்கியம் விவாதத்தில் கலந்துகொண்டார்." (கலந்துகொண்டாராம்!)

சாயந்திரத்துக்குள் லேகியக் கதை ஸ்ரீரங்கத்து வீதியெல்லாம் சுற்றி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. வாத்தியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கும் பதில் சொல்லக் குரல் இல்லை. ஆகையால் வீட்டில் நல்ல அமைதி.

அடுத்த வருஷம் ஒருநாள் மத்தியானம் ரைஸ்மில்லிலிருந்து ஆள் ஓடி வந்தான். "உடையார் உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாரும்மா." பதறிப்போய் ஓடினேன். டிஸ்பென்சரி வராந்தாவில் உடையார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மகள். கதவு சாத்தியிருந்தது. ஆரோக்கியமேரியின் குரல் லேசாகக் கேட்டது. உடையார் துண்டை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"என்னங்க, நான் ஏதாவது வாங்கியாரணுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்மா. இங்க உக்காந்து பேசிக்கிட்டிருங்க. எதையாவது பேசுங்க. நிறுத்தாம பேசுங்க."

பேசினேன். மழை, விலைவாசி, வாத்தியார் குறட்டை, எதை விட்டேன்! உள்ளிருந்து ஒரு சின்ன அழுகை வீரிட்டுக் கிளம்பிய பிறகுதான் நிறுத்தினேன். உடையார் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும்தான்.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாருக்கு வலி எடுத்தாலும் வண்டிக்கு ஒரு ஆள், எனக்கு ஒரு ஆள் என்று ஓடுவார்கள். தொண்டைக்கு இதமாக வாத்தியார் பனங்கற்கண்டு மடித்துக் கொடுத்து அனுப்புவார். சென்ற மாதம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். இப்போது பெரிய கட்டடம், நிறைய நர்ஸுகள், ஆரோக்கியமேரிதான் எல்லாருக்கும் மேலே. திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்து, வெளியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். என்னோடு அதிகம் பேசாத, கூச்ச சுபாவமுள்ள பையன். கடைசியில் தாங்க முடியாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தை," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஏதோ பேசணுமாமே?"